நான்கெல்லை

வடக்கே பூட்டிய கைக்கடிகாரக் கடை,
தெற்கே இளநீர் மட்டைக் குவியல்,
கிழக்கே துறைமுகக் கிரேனின் மஞ்சள் விளக்கு,
மேற்கே நான்.
இதன் மத்தியில் நின்றது
ஊதா நிறக் குட்டியானை ஒன்று.

மன்னிக்கவும், பத்திரம் அடித்த கை.
காலை பத்து மணியிலிருந்து பாகப்பிரிவினை:
ஐந்து சகோதரர்கள், ஒரே கிணறு.
கஜபதி சார் சொல்லச் சொல்ல
அந்தக் கிணற்றை ஐந்து முறை அழித்து அடித்தேன்.
டப்பாவிலிருந்த தயிர்சாதத்தைத் திறக்கவேயில்லை.
அல்சருக்கு நல்லதாம்.

வண்டி நெற்றியில் 'மெக்சிகோ மாண்டலே'.
பாரிமுனையில் எதுவும் எழுதலாம்.

"காரம் எவ்ளோ மேடம்?"
எனக்கு முன்னால் நின்ற ஐ.டி. பையன்
"கம்மி" என்று வாங்கிப் போயிருந்தான்.
"உனக்குப் போட்டுக்கிற மாதிரி" என்றேன்.
பவுன்ராஜ் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

உள்ளங்கை அகலச் சோள ரொட்டி.
அதில் அத்தோ:
ஆரஞ்சு நூடுல்ஸ், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர்,
பூண்டெண்ணெய், நொறுங்கப் பொரித்த வெங்காயம்.
உச்சியில் அரை ஸ்பூன் சிவப்பு.
வியாசர்பாடி மொட்டை மாடியில்
பெயின்ட் வாளியில் காய்த்த மிளகாயாம்.
"எங்காளுங்க ரங்கூன்லேர்ந்து கப்பல்ல வந்தாங்க,
மிளகா மெக்சிகோலேர்ந்து கப்பல்ல வந்துச்சு,
நான் எங்கயும் போகல மேடம்,
வண்டிதான் போயிட்டே இருக்கு."

மிளகாய்க்கு மூலப்பத்திரம் கேட்டால்
நம் ஊர்ச் சமையலறை எதுவும் நிற்காது.
மிளகிடம் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டு
குடியேறியது. இன்றுவரை திருப்பித் தரவில்லை.

முதல் கடி.
ஒன்றுமில்லை. புளிப்பு,
சுட்ட சோளத்தின் வாசம்.
இவ்வளவுதானா என்று நினைத்த இடத்தில்
நினைப்பே நின்றுவிட்டது.
காது அடைத்தது.
உச்சந்தலையில் யாரோ சீல் குத்தினார்கள்.
மூக்கு தன் பாட்டுக்கு
வாக்குமூலம் கொடுக்க ஆரம்பித்தது.

"தண்ணி."

அதே நேரம் பார்த்து
சந்துமுனையில் ரோந்து ஜீப்பின் நீல வெளிச்சம்.
"ஒரு ரவுண்டு வந்துடறேன்!"
கதவு சாத்தினான், கிளம்பினான்
என் ஐந்நூறு ரூபாய் நோட்டோடு,
கல்லில் வெந்துகொண்டிருந்த இரண்டாவது டாக்கோவோடு.
வண்டியின் முதுகில் பழைய பெயின்ட் இன்னும் இருந்தது.
போகப் போகப் படித்தேன்:
குடிநீர் கேன் டோர் டெலிவரி.

மத்தி காலி.
கடிகாரக் கடை அப்படியே, மட்டை அப்படியே, கிரேன் அப்படியே.
மேற்கே நான், கையில் பாதி டாக்கோ.
கண்ணில் வழிந்தது காரத்துக்குத்தான் வழிந்தது.
பிறகு வேறொன்றும் சேர்ந்துகொண்டது.
மார்ச் மாதம்
என் பங்கை விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரத்தை
நானேதான் டைப் செய்தேன்.
ஒரு பிழை இல்லை.
"உங்க டைப்பிஸ்ட் கெட்டிக்காரி" என்று
கஜபதி சாரிடம் சொல்லிவிட்டுப் போனான் அண்ணன்.

"வாழத்தண்டு சூப்பு. இன்னும் வாய் வைக்கல."
டிரெய்லர் ஓட்டுகிறவர் போலிருந்தது,
காக்கிச் சட்டை, காதில் பென்சில்.
எரிகிற நாக்கில் கொதிக்கிற சூப்.
இதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது.
முழுக்கக் குடித்தேன்.
'கம்மி' வாங்கிய பையன்
சுவரைப் பார்த்து நின்று
வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

பதினோரு நிமிடம்.
ஒருவழிப் பாதையெல்லாம் சுற்றிக்கொண்டு
வந்து நின்றது வண்டி,
இந்த முறை மட்டைக் குவியலுக்கு அந்தப் பக்கம்.
எழுதிய எல்லை எதுவும் இனிச் செல்லாது.

மீதிச் சில்லறையும் ஓரம் கருகிய டாக்கோவும்
ஒரே கையில் நீட்டினான்.
"சாரி மேடம். தண்ணி முதல்ல குடிங்க.
இதுல காரத்த வழிச்சிடட்டா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன்,
யாருடைய தூண்டுதலும் இன்றி,
நல்ல நினைவோடு.
பாதி வேண்டுமா என்று
சூப் கொடுத்தவரைக் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.
முழுசையும் நானே தின்றேன்.

அவர் காலிக் கிண்ணத்தை மட்டும்
கேட்டு வாங்கிக்கொண்டார்.